பந்தயமும் பரிசும் வரியும்

ஒருவரையொருவர் முந்திப் பார்ப்பது மனித இயல்பு. இரு சிறுவர்கள் ஆற்றங்கரை மணலில் ஓட எண்ணினால் அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, சாட்சியும் வேண்டியதில்லை. ஆனால் "முந்துபவருக்கு இது" என்று யாரேனும் ஒரு பொருளை நடுவில் வைத்துவிட்டால், அந்தக் கணமே மூன்று வினாக்கள் எழுந்துவிடுகின்றன. அப்பொருளை வைத்தவர் யார்? அதைப் பெறத் தகுதியுடையவர் யார்? பெற்றவர் அதில் வேறெவருக்கேனும் பங்கு தர வேண்டுமா?

முதல் வினாவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்து வந்திருக்கின்றனர். இரண்டாவது வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கனவான்கள் தமக்கே உரிய முறையில் தீர்த்துவைத்தனர். மூன்றாவது வினாவை வருமான வரிச் சட்டம் கேட்டது. அதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த விடை ஒன்று, தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் வழக்கில் பிறந்தது. பொழுதுபோக்காகப் பந்தயத்தில் இறங்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் உள்ளனர். சைக்கிள், மோட்டார் வண்டி, புறா என்று அவரவர் நாட்டம் வேறுபடலாம். பரிசு என்று வந்துவிட்டால் இம்மூன்று வினாக்களும் அவர்களுக்கும் உரியவையே. ஆதலின் இவற்றின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

மதீனத்துக் குதிரைகள்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. உடல் இறுக்கிப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம் வகுக்கப்பட்டது. அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையே எல்லை. முன்னது ஆறேழு கல் தொலைவு என்றும், பின்னது ஒரு கல் தொலைவு என்றும் அறிவிப்பாளர்கள் விளக்கியுள்ளனர். அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்டதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள்.

இச்சிறு செய்தியில் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே களத்தில் நிறுத்தாமல், இரண்டுக்கும் தனித்தனித் தூரம் வகுத்திருக்கின்றார்கள். இக்காலப் போட்டிகளில் வகுப்பு பிரிப்பது என்று நாம் சொல்லும் நியதி அங்கேயே தெளிவாகத் தெரிகின்றது.

பெருமானாரின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதது என்று பேர் பெற்றிருந்தது. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். பெருமானாரோ, உலகில் உயர்வது எதுவாயினும் அதைத் தாழ்த்துவது இறைவனின் நியதி என்னும் கருத்தைக் கூறி அவர்களை ஆற்றினார்கள். தோல்வியை ஏற்கும் பண்பும் பந்தய விதிகளுள் ஒன்று என்பதை இதைவிட அழகாக உணர்த்த முடியுமோ!

பரிசு வைக்கத்தக்க போட்டிகள் எவை என்பதையும் பெருமானார் வரையறுத்தார்கள். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் பந்தயப் பொருள் இல்லை என்னும் கருத்துடைய நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்களின் வழியாக அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய தொகுப்புகள் அறிவிக்கின்றன. மூன்றும் நாட்டைக் காக்கும் பயிற்சிக்குரியவை. பரிசு என்பது வெறும் ஆசை காட்டும் பொருளன்று. பயன் தரும் பயிற்சிக்கு ஊக்கமளிக்கும் கருவி என்னும் நோக்கு இதிலிருந்து விளங்கும்.

யாருடைய பணம்?

பின்வந்த சட்ட மேதைகள் இவ்வடிப்படையில் ஒரு முழு இயலையே எழுப்பினர். ஃபிக்ஹு நூல்களில் முஸாபகா என்னும் தலைப்பில் அது அமைந்துள்ளது. அவர்கள் முதலில் கேட்டது, பரிசு எவ்வளவு என்பதன்று. பரிசு எவருடைய பையிலிருந்து வருகின்றது என்பதே.

ஆட்சியாளரோ, போட்டியில் சேராத வேறொருவரோ பரிசை வைத்தால் அது கூடும். போட்டியிடும் இருவருள் ஒருவர் மட்டும், "நீ என்னை முந்தினால் இது உனக்கு, நான் முந்தினால் நீ ஏதும் தர வேண்டியதில்லை" என்றால் அதுவும் கூடும். ஆனால் இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளிக்கொள்வதாயின், ஒவ்வொருவரும் ஆதாயத்துக்கும் இழப்புக்கும் நடுவே நிற்கின்றனர். அதுவே சூது.

இவ்விடத்தில் பெரும்பான்மை அறிஞர்கள் ஒரு வழியைக் காட்டினர். பணம் ஏதும் வைக்காத மூன்றாமவர் ஒருவர் போட்டியில் சேர வேண்டும். அவர் வென்றால் பரிசு அவருக்கு. தோற்றால் அவருக்கு இழப்பில்லை. அவருக்கு முஹல்லில் என்று பெயர். அவருடைய குதிரையும் மற்றவற்றுக்கு ஈடானதாக இருக்க வேண்டும். தோற்பது உறுதி என்று தெரிந்த நொண்டிக் குதிரையைப் பெயருக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் சூது சூதாகவே இருக்கும். சட்டத்தின் எழுத்தைக் காட்டி அதன் கருத்தை ஏமாற்றுவோர் எக்காலத்தும் உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இந்த முஹல்லில் தேவையே இல்லை என்று இப்னு தைமிய்யா அவர்களும் அவர்தம் மாணவர் இப்னுல் கய்யிம் அவர்களும் கருதினர். இப்னுல் கய்யிம் அவர்கள் ஃபுரூஸிய்யா என்னும் நூலில் இதை விரிவாக வாதிட்டார்கள். இதன் பொருட்டு ஹிஜ்ரி 746இல், அதாவது கி.பி. 1345இல், டமாஸ்கஸின் ஷாஃபி தலைமைக் காழி தகிய்யுத்தீன் ஸுப்கி அவர்கள் அவரை அழைத்து விசாரித்ததாக இப்னு கஸீர் தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். பந்தயப் பரிசின் விதி ஒரு காழியின் அவைவரை சென்றது என்றால், அன்றைய சமுதாயம் அதை எத்துணைப் பொறுப்புடன் கருதியது என்பது புலனாகும்.

தமிழ்நாட்டு முஸ்லிம்கள் ஷாஃபி, ஹனஃபி என்னும் இரு மத்ஹபுகளைப் பின்பற்றுவோராதலின், ஒரு வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுதல் நலம். மனிதர் ஓடும் பந்தயத்துக்குப் பரிசு வைப்பதை ஹனஃபி அறிஞர்கள் ஏற்கின்றனர். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து அதை ஏற்பதில்லை. அதே வேளையில் இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் என்னும் நூல் யானை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றின் பந்தயத்துக்குப் பரிசு உண்டென்றும், பறவைப் பந்தயத்துக்கும் மற்போருக்கும் இல்லையென்றும் வகைப்படுத்துகின்றது. பரிசில்லாமல் வெறும் களிப்புக்காக ஓடுவதை இவர்கள் தடுக்கவில்லை. பெருமானாரும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓடிப் பார்த்த செய்தி யாவரும் அறிந்ததே. ஒருமுறை அன்னையார் முந்தினார்கள். பின்னொருமுறை பெருமானார் முந்தினார்கள். அங்குப் பரிசுமில்லை, வழக்குமில்லை.

வேடிக்கை பார்ப்போர் கட்டும் பணத்தைப் பற்றி இந்நூல்கள் கூறுவது மிகச் சுருக்கம். பந்தயத்தில் இறங்காதவர், யார் வெல்வார் என்று பணம் கட்டுவது எம்முறையிலும் சூதே. பரிசு, களத்தில் இறங்கி உழைப்பவருக்கு மட்டுமே.

சிறகு என்று ஒரு சொல்

பறவைப் பந்தயம் என்றதும் அப்பாஸிய கலீஃபா மஹ்தியின் நினைவு வருகின்றது. கி.பி. 775 முதல் 785 வரை ஆண்ட அவருக்குப் புறாக்கள் மீது பெருவிருப்பம். ஒருநாள் கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர் அவையில் இருந்தபோது, மேற்கூறிய நபிமொழியை எடுத்துரைத்தார். ஒட்டகம், குதிரை, அம்பு என்று சொல்லி வந்தவர், கலீஃபாவின் முகக்குறிப்பை நோக்கி, "சிறகு" என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். புறாப் பந்தயத்துக்கும் பரிசு வைக்கலாம் என்று மன்னர் மகிழட்டும் என்பது அவர் எண்ணம்.

கலீஃபா அவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் அளிக்கச் செய்தார். ஆனால் அவர் எழுந்து திரும்பிச் செல்கையில் அவரது பிடரியைப் பார்த்து, அது பெருமானாரின் மீது பொய்யுரைத்தவனின் பிடரி என்று கூறிவிட்டு, அப்பொய்க்குக் காரணமாயிருந்த தம் புறாக்களையெல்லாம் அறுத்துவிடுமாறு ஆணையிட்டார். நபிமொழிக் கலையில் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளுக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சி இன்றும் சொல்லப்படுகின்றது.

பொய் சொன்னவர் பணத்துடன் போனார்; பொய்யறியாப் புறாக்கள் உயிரிழந்தன. ஆயினும் நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. பொழுதுபோக்கின் மீதுள்ள ஆசை, விதியின் சொல்லையே மாற்றத் துணிந்தது. கேட்டவரோ, தமக்குச் சாதகமான சொல் என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கனவான்களின் விதி

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பரிசு பெறத் தகுதியுடையவர் யார்?

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லியில் ஆண்டுதோறும் படகுப் பந்தயம் நடைபெறும். அதன் பொறுப்பாளர்கள் 1879இல் அமெச்சூர் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். பணத்துக்காகப் போட்டியிடுபவர் அமெச்சூர் அல்லர் என்றதோடு அது நிற்கவில்லை. கைத்தொழில் செய்து கூலி பெறுபவரும், இயந்திரத் தொழிலாளியும், உடலுழைப்பாளியும் அமெச்சூர் ஆகார் என்றும் சேர்த்தது. அவர் படகுப் பந்தயத்தில் ஒரு காசும் பெற்றிராவிடினும் அவருக்கு இடமில்லை!

1920இல் அமெரிக்கரான ஜான் கெல்லி ஹென்லியில் நுழைய விண்ணப்பித்தார். அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழில் தொடங்கியவர். அவரைச் சேர்ந்த படகுக் கழகத்தின் மீதும் ஹென்லிக்குப் பழைய மனத்தாங்கல் இருந்தது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். தொழிலாளரை விலக்கிய அச்சொற்கள் 1937இல்தான் நீக்கப்பட்டன. 1947இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் வெற்றி வாகை சூடினார்.

ஓட்டப் பந்தயத்திலும் இக்கண்டிப்பு தொடர்ந்தது. ஒன்பது ஒலிம்பிக் தங்கம் பெற்ற பின்லாந்து வீரர் பாவோ நுர்மி, அனுமதிக்கப்பட்ட பயணச் செலவுக்கு மேல் பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடவிடாமல் தடுக்கப்பட்டார். காலம் மாறியது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளப் போட்டி ஒவ்வொன்றின் தங்கத்துக்கும் உலகத் தடகள அமைப்பே 50,000 டாலர் பரிசளித்தது.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. நம் சட்ட நூல்கள் பரிசு பெறுவதை இழிவாகக் கருதவில்லை. வென்றவரின் குலத்தையும் தொழிலையும் கேட்கவுமில்லை. தோற்றவரின் பை காலியாகக்கூடாது என்பது மட்டுமே அவற்றின் கவலை. கனவான்களின் விதியோ, பணத்தின் மாசைப் பற்றிப் பேசிக்கொண்டே உழைப்பாளியை வாசலில் நிறுத்தியது. செல்வமுடையவர் பரிசின்றியும் பந்தயம் ஓடலாம். கூலிக்கு வேலை செய்பவர் ஒருநாள் கூலியை இழந்துதான் களத்துக்கு வர முடியும். பரிசே கூடாதென்னும் விதி யாருக்கு ஆதாயம் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

அரசின் பங்கு

மூன்றாவது வினாவை எழுப்பியவர்கள் வரி அதிகாரிகள். பந்தயம் தொழிலா, பொழுதுபோக்கா என்பதே அவர்கள் முதலில் அறிய விரும்பியது.

இங்கிலாந்தில் ஸியா வெர்னர் என்னும் சீமாட்டி, குதிரைகளை இனப்பெருக்கம் செய்யும் பண்ணை ஒன்றை நடத்தினார். அது வரிக்குரிய தொழில். பந்தயக் குதிரைகளுக்கான லாயம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது பொழுதுபோக்கு, வரிக்கு உட்பட்டதன்று. பண்ணையில் பிறந்த ஐந்து குதிரைகளை அவர் தம் லாயத்துக்கு மாற்றினார். அவற்றைப் பண்ணைக் கணக்கில் என்ன விலைக்குக் காட்டுவது? வளர்த்த செலவுக்கா, சந்தை விலைக்கா? சந்தை விலைக்கே காட்ட வேண்டும் என்று பிரபுக்கள் சபை 1955இல் தீர்ப்பளித்தது. ஒரே உரிமையாளரின் இடக்கையும் வலக்கையும், வரியின் கண்ணுக்கு இரு வேறு மனிதர்களாயின!

நம் நாட்டில் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், எதிர்பாராது வந்து மீண்டும் வாராத வரவுகளுக்கு விலக்களித்திருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது. 1972இல் நிலைமை மாறியது. பரிசுச் சீட்டு, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம் உட்பட எல்லாப் பந்தயங்கள், சீட்டாட்டம், சூது ஆகியவற்றின் வெற்றித் தொகையும் வருமானமே என்று அவ்வாண்டின் நிதிச் சட்டம் இலக்கணத்தை விரித்தது. எதிர்பாரா வரவில் ஆயிரம் ரூபாய்க்கு மட்டுமே விலக்கு எஞ்சியது.

கோவையைச் சேர்ந்த மோட்டார் வீரர் ஜி.ஆர். கார்த்திகேயன் அவர்கள் 1973இல் அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில் கலந்துகொண்டது இதற்குப் பின்னரே. டில்லி, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நான்கு நகரங்களைச் சுற்றி ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். சொந்தக் கார்களுக்கு மட்டுமே இடம். வேகத்தில் முந்துபவர் வெல்வதன்று அப்போட்டி; விதிகளை மீறியதற்கான தண்டப் புள்ளிகள் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். முதற்பரிசாக இந்தியன் ஆயில் நிறுவனம் 20,000 ரூபாயும், ராலி அமைப்பு 2,000 ரூபாயும் அவருக்கு வழங்கின.

வரி அதிகாரி அந்த 22,000 ரூபாயை வருமானத்தில் சேர்த்தார். வழக்கு மேலே சென்றது. மேல்முறையீட்டு நிலைகளிலும், பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வீரருக்கே வெற்றி கிட்டியது. ராலி என்பது திறமையையும் பொறுமையையும் சோதிப்பது. சட்டத்திலுள்ள வெற்றித் தொகை என்னும் சொல் சூதாட்டத்தின் சாயலுடையது. திறமைக்குக் கிடைத்த பரிசை அதில் அடக்க இயலாது என்பது உயர் நீதிமன்றத்தின் கருத்து.

1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வருமானம் என்னும் சொல் மிக விரிந்தது. சூதின் வழியே வந்தால்தான் வருமானம் என்பதில்லை. பரிசை வெல்லும் நோக்குடன் போட்டியில் இறங்கித் தம் திறமைக்கும் தாங்கும் ஆற்றலுக்கும் ஈடாக அவர் பெற்ற தொகை வருமானமே என்று அது முடிவு செய்தது.

இத்தீர்ப்பு வீரருக்குத் தோல்விதான். ஆயினும் அதன் கருத்தில் ஒரு கண்ணியம் இருக்கின்றது. பரிசு என்பது வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டமன்று, உழைப்பின் ஈடு என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொல்லிவிட்டது. கொத்தனாரைப் படகில் ஏற்ற மறுத்த கனவான்கள் கூசிய சொல், இங்கே சட்டத்தின் சொல்லாயிற்று.

ஆனால் வரி விகிதம் அக்கண்ணியத்தைக் காக்கவில்லை. 1986இல் பரிசுச் சீட்டு, பந்தயம், சூது ஆகிய அனைத்தின் வெற்றித் தொகைக்கும் நூற்றுக்கு 40 என்னும் தனி வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது 30 ஆயிற்று. ஆயிரமாயிருந்து ஐயாயிரமாக உயர்ந்த விலக்கும் 2003 ஏப்ரலிலிருந்து மறைந்தது. இத்தகைய வெற்றித் தொகையிலிருந்து செலவு எதையும் கழிக்கவும் சட்டம் இடந்தருவதில்லை. பந்தயக் குதிரைகளை வைத்துப் பேணும் உரிமையாளருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குதிரை வைத்திருக்கும் செல்வர் தீவனச் செலவைக் கழிக்கலாம். வேறு பந்தயத்தில் வென்றவரின் தொகை இவ்விதியில் அடங்கினால், அவர் டயர் தேய்ந்த செலவைக் காட்ட இயலாது.

தொழில்முறையல்லாத விளையாட்டு வீரர் பெறும் விருது, அன்பளிப்பின் தன்மையுடையதாதலின் வரிக்குரியதன்று என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1986 ஜனவரியில் சுற்றறிக்கை ஒன்றில் தெளிவுபடுத்தியது. பாராட்டி அளிக்கும் விருது வேறு, போட்டியில் வென்று பெறும் பரிசு வேறு என்னும் பிரிவினை இங்கே முக்கியம். அரசு நிறுவிய விருதுகளுக்கும், அரசின் ஒப்புதல் பெற்றவற்றுக்கும் சட்டத்திலேயே தனி விலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் நாள் அதன் தொடக்கமாகக் குறிக்கப்பட்டது. பிரிவுகளின் எண்கள் மாறினும் முப்பது விழுக்காடு மாறவில்லை.

நம் வீட்டு வாசலில்

இவ்வளவு நீண்ட வரலாறு நமக்குத் தருவது என்ன?

இன்றைய பொழுதுபோக்குப் பந்தயங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணம் உண்டு. புறாப் பந்தயத்தில் ஒரு முறை உலகெங்கும் பரவியுள்ளது. பலர் தத்தம் இளம் புறாக்களைக் கட்டணத்துடன் ஒரே கூட்டுக்கு அனுப்புவர். அங்கே அவை ஒன்றாக வளர்க்கப்பட்டு, ஒரே இடத்திலிருந்து பறக்கவிடப்படும். திரண்ட கட்டணத்திலிருந்து பரிசு பிரிக்கப்படும். பயிற்சியும் உழைப்பும் உண்மைதான். எனினும் தோற்றவர் கட்டிய பணமே வென்றவரின் பரிசாகும் இடத்தில், முஹல்லிலைத் தேடிய நம் முன்னோர்களின் வினா அப்படியே உயிருடன் எழுந்து நிற்கின்றது. கட்டணம் ஏற்பாட்டுச் செலவுக்கும், பரிசு புறத்தேயுள்ள ஒருவரின் கொடையாகவும் அமைந்தால் நிலைமை வேறு. ஐயமுள்ளவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறலாம்.

ஆதலின் பிள்ளைகள் கோப்பையுடன் வீடு திரும்பும்போது, "எத்தனையாவது இடம்?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. பரிசு யார் கொடுத்தது, விதிகள் எழுத்தில் இருந்தனவா, கணக்கு முறையாக வைக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். ரொக்கத்தைக் கணக்கில் காட்டாமல் மறைப்பது, வென்ற திறமைக்கே செய்யும் அவமதிப்பு. உழைத்துப் பெற்றதை ஒளிக்க வேண்டியதில்லை.

தமக்கு இனிமையான ஒரு சொல் விதியில் சேர்ந்தபோது, அது பொய் என்று உணர்ந்து தம் புறாக்களையே துறந்தார் ஒரு கலீஃபா. நமக்கு அத்துணைப் பெரிய சோதனை வந்துவிடவில்லை. பரிசின் மூலத்தைக் கேட்பதும் அரசுக்குரியதைக் கொடுப்பதுமே நம்மிடம் வேண்டப்படுகின்றன. அவற்றைச் செய்துவிட்டால் எஞ்சியிருப்பது தூய்மையான மகிழ்ச்சி. அதற்கு எவரும் வரி விதிப்பதில்லை.